இரண்டாவது கையெழுத்து

என் அக்கா விமானம் ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள், ஏதோ அளந்துவிடுகிறேன் என்று. பெரிய விமானம் இல்லை. பத்தொன்பது பேர் உட்காரலாம், இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கத்து நகரத்துக்குக் காலையில் போகும், மாலையில் திரும்பும். ஐம்பது நிமிஷப் பயணம். அதே இடத்துக்குச் சாலையில் போனால் பத்து மணி நேரம். மழை பெய்திருந்தால் அதற்கு மேல் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் கசந்து, ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து, "ஒரு மாசம்" என்று சொல்லி, நான்கு வருஷமாக அவளுடைய இரண்டாவது அறையில் குடியிருக்கிறேன். அக்காவும் தனி ஆள். அவளுக்கு நாற்பத்து மூன்று, எனக்கு முப்பத்தெட்டு. காலையில் யார் முதலில் குளிப்பது என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் நகரத்தில் இருந்தார்கள். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். சாரம் கட்டி மூன்றாவது மாடி உயரத்தில் நின்றுகொண்டு, கீழே போகிறவர்களோடு ஊர்க்கதை பேசுவார். ஆனால் அக்காவின் விமானத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை. "மேல போறது தப்பில்ல. காலுக்குக் கீழ பிடிமானம் இல்லாம போறதுதான் தப்பு" என்பார். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அக்கா நகரத்தில் இறங்கும் நாளெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பன்னிரண்டாவது நாள், சாயங்காலம் அம்மா போன் செய்தாள். டாக்டர், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, வைத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைய விமானம் ஏற்கெனவே திரும்பிவிட்டது. இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டி விட மாட்டார்கள்.

"காலைல என் ப்ளைட்தான். நீயும் ஏறிடு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நகம் வெட்டினாள். நான் மறுநாளைக்கு லீவு சொன்னேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம், தட்டைக் கழுவி வைத்தோம். யாரும் அழவில்லை. உள்ளே யாரோ ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"உன்னால ஓட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, வலது கையை மேஜைக்கு மேல் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "நடுங்கல. ராத்திரி தூக்கம் வந்தா ஓட்டலாம். வரலன்னா காலைல சொல்லிடறேன்."

காலையில் நான் எழுந்தபோது யூனிஃபார்மில் இருந்தாள். "தூங்கிட்டேன்டா" என்றாள், ஏதோ தப்புச் செய்தவள் போல.

எங்கள் ஊர் விமான நிலையம் என்பது ஒரு ஹால், ஒரு தராசு, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹாலுக்குப் பின்னால் ஓர் அறை. அதற்குள் வெளியாட்கள் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். என்னை யாரும் வெளியாளாக நினைப்பதில்லை. மேனேஜர் மூக்கில் இருக்கும் கண்ணாடி நான் தேய்த்தது. அன்றைக்கு அங்கே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டார். கோ-பைலட் எழுந்து வந்து அக்காவின் தோளைத் தொடப்போனவர், தொடாமல், "சாப்பிட்டீங்களா கேப்டன்?" என்று கேட்டார். அக்காவைவிட மூன்று வயது மூத்தவர். தாமதமாக இந்த வேலைக்கு வந்ததால் அக்காவுக்குக் கீழே இருந்தார்.

அக்கா மேஜை முன் உட்கார்ந்து நீல அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்தாள். விமானத்துக்கென்று இருக்கும் புத்தகம் அது. ஓட்டுகிறவர் கண்ட குறையை அதில் எழுத வேண்டும். சரிசெய்தவர் அதற்குக் கீழேயே, செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் இறங்கியதும் அக்காவேதான் எழுதியிருந்தாள்: விமானத்தின் மூக்கைத் தூக்கவும் இறக்கவும் ஓட்டுகிறவர் கையில் இருக்கும் தண்டை இழுத்தால் ஓரிடத்தில் பிடிக்கிறது. ராத்திரி மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது, வால்பக்கத் தகட்டை அசைக்கும் கம்பிக்கயிற்றில் இரண்டு இழை அறுந்திருந்தது. புதுக்கயிறு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த மெக்கானிக்கை எல்லாரும் மீசை என்பார்கள். மீசையை எடுத்து எட்டு வருஷமாகிறது, பேர் போகவில்லை. அந்த வேலையில் இருபத்தாறு வருஷம். ஆணியைத் தட்டிப் பார்த்தே வயசு சொல்வார் என்று அக்கா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, ரெண்டாவது கையெழுத்து எங்க?" என்று அக்கா கேட்டாள்.

மீசை வந்து குனிந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. விடிய விடிய வேலை செய்தவர். "போடலையா?" என்றார்.

விமானத்தைத் திருப்புகிற, தூக்குகிற கயிறுகளில் கை வைத்தால் மட்டும் தனி விதி. வேலை செய்தவர் ஒருவர். அதைத் தனியாக, முதலிலிருந்து பார்த்துச் சரியென்று சொல்ல இன்னொருவர். இரண்டு கட்டம், இரண்டு கையெழுத்து. கயிற்றை மாற்றிக் கோத்துவிட்டால் மேலே போ என்று இழுக்கும்போது விமானம் கீழே போகும். செய்தவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். நான் தேய்த்த லென்ஸை நானே சரிபார்த்தால் அது என்றைக்கும் சரியாகத்தான் இருக்கும்.

"சின்னவன் கூடவே இருந்தானே" என்றார் மீசை. சின்னவன் என்பது அவருக்கு அடுத்த மெக்கானிக். "டார்ச் பிடிச்சதே அவன்தான். பார்த்திருப்பான். போடறதுக்கு மறந்துட்டான் போல."

"பார்த்தாரா, பார்த்திருப்பாரா?"

மீசை போனை எடுத்தார். சின்னவன் லீவு. விடியற்காலை முதல் பஸ்ஸில் மனைவி ஊருக்குக் கிளம்பிவிட்டான். பஸ் மலைக்குள் எங்கேயோ இருந்தது. போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கம்பெனியிடம் இருந்ததே இரண்டு விமானம். இன்னொன்று நகரத்தில் பட்டறைக்குள் பிரித்துப் போடப்பட்டிருந்தது. இன்னொரு மெக்கானிக் வர வேண்டுமென்றால் நகரத்திலிருந்து சாலை வழியாகத்தான் வர வேண்டும். இதையெல்லாம் மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு விளக்கினார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"மேடம், அவங்க சொல்றது என்னன்னா, சின்னவர் பஸ்ஸ விட்டு இறங்கினதும் போன்ல கேட்டுக்கலாமாம். கையெழுத்த வந்து போட்டுக்கட்டும்னு சொல்றாங்க."

"போடறப்ப தேதி என்ன போடுவாரு?"

மேனேஜர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். குரலைத் தணித்தார். "நான் கம்பெனிக்காகப் பேசல மேடம். உங்க அப்பாவுக்காகச் சொல்றேன். இந்த ஒரு நாள்."

"தெரியுது சார்" என்றாள் அக்கா.

மீசை பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "நானே அவன் பேர்ல சுழிச்சிடவா? எங்கிட்ட அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"வேணாம்ணே. சுழிச்சீங்கன்னா நான் அதையும் எழுத வேண்டியிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போலச் சொன்னாள். மீசை பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அக்கா எழுந்து தனியாக விமானத்துக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலில் இருக்கும் தகடு மெதுவாக மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. ஏழெட்டுத் தடவை. திரும்பி வந்தவள் சொன்னாள், "நல்லா அசையுது. நேத்து பிடிச்ச மாதிரி பிடிக்கல."

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆனா போகல சார்."

அக்கா கோ-பைலட்டைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க சொல்றதுதான் கேப்டன்."

"அதைக் கேக்கல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கறேன்."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "எனக்கும் அந்தக் கட்டம் காலியா இருக்கறது பிடிக்கல. ஆனா உங்க நிலைமைல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

அக்கா புத்தகத்தில் எழுதினாள். இரண்டாவது பரிசோதனைக்குக் கையெழுத்து இல்லை, விமானத்தை ஏற்கவில்லை. நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. எழுதி முடித்து, எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்ன மாதிரி.

நான் அவளைத் தண்ணீர் குடிக்கும் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனதும் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். நான் குடிக்கவும் இல்லை, அவளுக்குக் கொடுக்கவும் இல்லை.

"மீசை அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு அவரு எவ்ளோ அசந்து போயிருப்பாருங்கறதும் தெரியும்."

"அக்கா, அப்பா அங்க..."

"அப்பா நல்லா இருந்தா இன்னிக்கு இதுல ஏறியிருப்பேனான்னு யோசிச்சேன். ஏறியிருக்க மாட்டேன். அப்போ இப்பவும் ஏறக்கூடாது. பதினாலு பேரு உக்காந்திருக்காங்கடா வெளிய."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எதுவும் லேசாகவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

பயணிகளிடம் மேனேஜர் சொல்லியிருக்கலாம். அக்காவே ஹாலுக்குப் போனாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, விமானத்தின் காகிதங்கள் முழுமையாக இல்லை, அதனால் இன்று காலை போகவில்லை, முடிவு தன்னுடையது என்றாள். ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்ட மகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "அப்போ எப்போ போவும்?" என்று மட்டும் கேட்டாள். கோட்டுப் போட்ட ஒருவர், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் போலிருக்கிறது, எழுந்து வந்து, "காகிதமா பறக்குது? மிஷின் நல்லா இருக்குதில்ல?" என்றார்.

"நல்லா இருக்குன்னுதான் நினைக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"நினைக்கறது போதாது சார்."

பின்னாலிருந்து யாரோ, பொம்பளையைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னால் இப்படித்தான் என்றார். வேறொரு நாளாக இருந்தால் எனக்கு ரத்தம் கொதித்திருக்கும். அன்றைக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் காதில் விழுந்தது. இவளுடைய அப்பா சாகக் கிடக்கிறார், இவளும் இதே விமானத்தில்தான் போக வேண்டியவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக் காரில் கிளம்பும்போது ஒன்பது மணி ஆகிவிட்டது. அவள் யூனிஃபார்மை மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வழியில் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இறங்கிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ப்ளைட் போகல. கார்ல வர்றோம்."

"ஏன், மழையா?"

"இல்ல. ஒரு கையெழுத்து போடாம இருந்துதும்மா. அதான் நான் எடுக்கல."

எங்கேயோ ஒரு மெஷின் சீராகக் கூவிக்கொண்டிருந்தது அந்தப் பக்கம். அம்மா, "சரி. பார்த்து மெதுவா வாங்க" என்றாள். பிறகு, "முழிச்சுதான் இருக்காரு. வர்றீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, ஒற்றை வழியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தார். அக்கா முன் ஸீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தாள். பார்க்காமல் இருப்பதற்காக அவள் சிரமப்படுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டே கால் மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது மாமா போன் செய்தார். அம்மாவின் அண்ணன். என் நம்பருக்குத்தான் செய்தார். "போயிட்டாருடா" என்றார். வேறு ஏதோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. நான் போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, போனை வாங்கவில்லை. குனிந்து காரின் பின் டயரைப் பார்த்தாள்.

"இதுல காத்து கம்மியா இருக்கு. ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள் டிரைவரிடம்.

அவர் பார்த்தார். கம்மியாகத்தான் இருந்தது. காற்றடிக்கும் வரை நாங்கள் இருவரும் ஒரு சுவரோரமாக நின்றோம். எனக்குப் பசித்தது. பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அவள் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து பிரித்தாள். மீதி நாலரை மணி நேர வழியில் அதை முழுவதும் தின்று தீர்த்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அவருடைய விரல் நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பெயிண்ட்டை ஆஸ்பத்திரியில் யாரோ சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். வேறு யாருடைய கையோ போல இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிவரை நினைவோடு இருந்தார் என்று அம்மா சொன்னாள். "பசங்க எங்க வந்துட்டிருக்காங்க?" என்று மூன்று தடவை கேட்டாராம். மூன்றாவது தடவை, "பாதி மலை ஏறிட்டாங்க" என்று அம்மாவாகவே சொல்லியிருக்கிறாள்.

காலை விமானத்தில் வந்திருந்தால் எட்டரை மணிக்கெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இந்தக் கணக்கை நான் மட்டும் போடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். மாமா வாய்விட்டே போட்டார். மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கூடத்தில் உட்கார்ந்து, பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல, "ஒரு கையெழுத்துக்காகப் பெத்தவனைக் கடைசியா ஒரு தடவை பார்க்காம விட்டவளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

அக்கா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"விடுண்ணே" என்றாள் அம்மா. "அவ வேலை அவளுக்குத் தெரியும்." அதை அம்மா ஆதரவாகச் சொன்னாளா, கைகழுவிவிடுகிற மாதிரிச் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்கவும் பயம்.

மூன்றாம் நாள் மீசை வந்தார். பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பது போல நின்றார். அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவர் சொன்னதிலிருந்துதான் மீதி எங்களுக்குத் தெரிந்தது. சின்னவன் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நான்கு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறான். டார்ச் பிடித்தது உண்மை. ஆனால் அவன் தனியாகப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் மீசை கூப்பிடுவார் என்று காத்திருந்து, கண்ணயர்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியிருக்கிறான். மீசையோ அவன் பார்த்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். யாருமே பார்க்கவில்லை.

"மறுநாள் நகரத்துலேர்ந்து ஆள் வந்து முழுசா பிரிச்சுப் பார்த்தான்" என்றார் மீசை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாம் சரியா இருந்துதும்மா. ஒரு திருகுகூட மாத்தல. நான் சரியாத்தான் போட்டிருந்தேன்."

"தெரியும்ணே" என்றாள் அக்கா.

"பறந்திருக்கலாம்."

"ஆமாண்ணே. பறந்திருக்கலாம்."

அவர் அழுதார். பெரிய உடம்பு குலுங்க, சத்தமில்லாமல். எங்கள் வீட்டுச் சாவுக்கு எங்களைத் தவிர எல்லாரும் அழுதுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கம்பெனி அவளிடம் விளக்கம் கேட்டது. நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்றைய நடவடிக்கை விதிகளுக்கு உட்பட்டது என்று ஒரு வாக்கியம். அதில் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மீசைக்கும் சின்னவனுக்கும் ஆளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதோடு ஃபைல் மூடப்பட்டது. அக்கா பழையபடி காலையில் போய் மாலையில் வந்தாள். நான் லென்ஸ் தேய்த்தேன். நாங்கள் நல்ல மாதிரியாகவே இருந்தோம். "பால் இருக்கா?" "இருக்கு." "கரண்ட் பில் கட்டியாச்சா?" "ஆச்சு." ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. அப்பா என்ற சொல்லை இரண்டு பேரும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொடியில் காய்ந்த துணியை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றைக் காட்டி, "இது கிழிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள். வெறும் சட்டை. அப்பா வாங்கித் தந்ததுகூட இல்லை.

"எதையாவது நீ ஒரு தடவை வச்சுக்கலாமே" என்றேன். "எல்லாத்தையும் சரியா இருக்கா, இல்லையான்னு பார்த்துத் தள்ளிவிட வேணாமே." எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நிறுத்த முடியவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார் என்றேன். எட்டரைக்குப் போயிருப்போம் என்றேன். ஒரு திருகுகூட மாற்றவில்லை என்றேன். கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போயிற்று.

அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அஞ்சு மாசமா ஏன்டா கேக்கல?" என்றாள்.

"தெரியல."

"நீ கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நானா எப்படிச் சொல்றதுன்னு தெரியல." சட்டையின் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தாள். "அன்னிக்குக் காலைல எனக்கு ஒண்ணுமே இல்லடா உள்ள. பயமும் இல்ல, அழுகையும் இல்ல. கை காலெல்லாம் மரத்துப் போயிருந்துது. தண்டை அசைச்சுப் பார்த்தப்போ நல்லா இருக்குன்னு தோணுச்சு. ஆனா அந்தத் தோணலை நம்பலாமான்னு தெரியல. எப்பவும் வயித்துல ஒண்ணு சொல்லும், சரி, சரியில்லன்னு. அன்னிக்கு அது செத்துப் போயிருந்துது. மிச்சம் இருந்தது அந்தப் புத்தகம்தான். அதுல கட்டம் காலியா இருந்துது."

கிழிசலிலிருந்து விரலை எடுத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு." அவள் குரல் மாறியது. "போகலன்னு எழுதி முடிச்சதும், ஒரு ஓரத்துல எனக்கு நிம்மதியா இருந்துது. அவரை அப்படிக் குழாயெல்லாம் சொருகி, அந்த நிலைமைல உடனே போய்ப் பார்க்க வேணாம். இன்னும் பத்து மணி நேரம் இருக்குன்னு. எழுதறதுக்கு முன்னாடியே அது இருந்துதா, எழுதின பிறகு வந்துதான்னு நான் எவ்வளவோ யோசிச்சுட்டேன். கண்டுபிடிக்க முடியல. கையெழுத்துக்காக நின்னேனா, அதுக்காக நின்னேனா."

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் அழவில்லை. முகம் மட்டும் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி ஓரங்களில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எனக்கு அவள் அக்காவாகத் தெரியவில்லை. என்னைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். நாற்பத்து மூன்று வயதில் தனியாக ஒரு கேள்வியை ஐந்து மாதம் சுமந்துகொண்டு பதினாலு பதினாலு பேராக மலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறாள்.

"கையெழுத்து இல்லதானே?" என்று கேட்டேன்.

"இல்ல."

"சின்னவன் பார்க்கலதானே?"

"பார்க்கல."

"எதுக்காக நின்னிருந்தாலும் நிக்க வேண்டிய இடத்துலதான்க்கா நின்ன."

அது அவளுக்குப் போதுமான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் போதவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு, மிச்சத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து தலையணை உறைகளை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, அப்பா ஒரு தடவை தப்பான வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். காலையிலிருந்து மத்தியானம் வரை அடித்திருக்கிறார். வெளியூர் போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து, "யார் நீங்க?" என்று கேட்டதற்கு, சாரத்திலிருந்து இறங்காமலே, "கலர் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம்.

எனக்கு அந்தக் கதை தெரியாது. முழுவதும் சொல்லச் சொன்னேன்.